விமானம் தயார்... ராக்கெட் எங்கே?

கன்னித்தீவு படித்து வளர்ந்தவர்களுக்கு சிந்துபாத்தைத் தெரியாமல் இருக்காது. அரபுக் கதைகளில் வரும் சிந்துபாத் தன் கடல் பயணத்தில் ஒரு ராட்சதப் பறவையைப் பார்க்கிறான். யானைகளைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் குஞ்சுகளுக்கு இரையாகப் போடும் பறவை அது. ஆங்கிலத்தில் அதன் பெயர் ராக்.

அமெரிக்காவில், கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் இதே பெயரில் ஒரு விமானம் இருக்கிறது. இறக்கையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை 117 மீட்டர். ஒரு கால்பந்து மைதானத்தின் நீளத்தைவிட அதிகம்! இரண்டு விமானங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே இறக்கையால் ஒட்டியது போன்ற தோற்றம். 6 இன்ஜின்கள், 28 சக்கரங்கள். அந்த இன்ஜின்களை இரண்டு பழைய போயிங் 747 விமானங்களிலிருந்து கழற்றி மாட்டினார்கள். முழுச் சுமையோடு கிளம்பும்போது மொத்த எடை சுமார் 590 டன். இறக்கை நீளத்தில் இதுவரை பறந்த எந்த விமானமும் இதை மிஞ்சியதில்லை.

இந்தப் பறவை தூக்க வேண்டியது யானையை அல்ல, ராக்கெட்டை. இரண்டு உடல்களுக்கும் நடுவில் ராக்கெட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு சுமார் 10 கி.மீ. உயரத்துக்குப் போக வேண்டும். அங்கே ராக்கெட்டைக் கழற்றிவிட வேண்டும். ராக்கெட் தீப்பிடித்து விண்வெளிக்குப் போக, விமானம் திரும்பி வந்து அடுத்த ராக்கெட்டை மாட்டிக்கொள்ள வேண்டும். 200 டன்னுக்கு மேல் தூக்கும்படி இதை வடிவமைத்தார்கள். யானைக் கணக்கில் சொன்னால் ஒன்றல்ல, நாற்பது யானை.

விமானம் 2019-ல் பறந்துவிட்டது. இன்றுவரை ஒரு செயற்கைக்கோளைக்கூட அது விண்வெளிக்கு அனுப்பவில்லை. இனி அனுப்பும் திட்டமும் கைவிடப்பட்டுவிட்டது. ஏன்?

"பணக்காரரின் விளையாட்டு, பணம் தண்டம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுபவர்கள் உண்டு. "காலத்துக்கு முந்திய கனவு, உலகம் புரிந்துகொள்ளவில்லை" என்று கண் கலங்குபவர்களும் உண்டு. இரண்டுமே சரியில்லை. வானத்திலிருந்து ராக்கெட் விடுவது நல்ல யோசனைதான். ஆனால் அது சின்னதாக இருக்கும்வரைதான் நல்ல யோசனை. அதைப் பெரிதாக்கியதில்தான் எல்லாம் கெட்டது.

பழைய யோசனைதான்

விமானத்தின் வயிற்றில் இன்னொன்றைக் கட்டித் தூக்கிப்போய் விடுவது புதிதல்ல. 1947 அக்டோபர் 14 அன்று சக் யீகர் ஒலியின் வேகத்தைத் தாண்டிய எக்ஸ்-1 விமானம் தரையிலிருந்து கிளம்பவில்லை. பி-29 என்ற குண்டுவீச்சு விமானம் அதை மேலே கொண்டுபோய் விட்டது. 1959 முதல் 1968 வரை 199 முறை பறந்த எக்ஸ்-15 விமானமும் பி-52-வின் இறக்கைக்கு அடியில் தொங்கிப் போனதுதான். அதில் 1963-ல் ஜோ வாக்கர் 100 கி.மீ. உயரத்தைத் தாண்டினார்.

செயற்கைக்கோளை இப்படி அனுப்பிக் காட்டியது பெகாசஸ் ராக்கெட். 1990 ஏப்ரல் 5 அன்று நாசாவின் பி-52 அதைப் பசிபிக் கடலுக்கு மேலே கழற்றிவிட்டது. பிறகு அதற்கென்றே ஒரு விமானம் வந்தது. ஏர் கனடாவில் பயணிகளை ஏற்றிக்கொண்டு போன பழைய டிரைஸ்டார்! அதற்கு ஸ்டார்கேசர் என்று பெயர் வைத்தார்கள். சுமார் 12 கி.மீ. உயரத்தில் ராக்கெட்டைக் கழற்றிவிடும். ஐந்து விநாடி ராக்கெட் சும்மா விழும். பிறகுதான் தீப்பிடிக்கும். 2021 வரை 45 முறை பெகாசஸ் கிளம்பியிருக்கிறது.

கவனிக்க வேண்டிய விஷயம் இதுதான். பெகாசஸ் ராக்கெட்டின் எடை சுமார் 23 டன். அது சுமக்கும் செயற்கைக்கோள் சுமார் 450 கிலோவுக்குள். விமானம் செகண்ட் ஹேண்ட். எல்லாமே சின்ன அளவு.

2004-ல் வந்த ஆசை

மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தை பில் கேட்ஸுடன் சேர்ந்து தொடங்கிய பால் ஆலனுக்குச் சின்ன வயதிலிருந்தே விண்வெளி மேல் ஆசை. விமான வடிவமைப்பாளர் பர்ட் ருட்டான் ஒரு திட்டத்தோடு வந்தபோது பணம் கொடுத்தார். ஒயிட் நைட் என்ற விமானம் தூக்கிப்போய் விட்ட ஸ்பேஸ்ஷிப்ஒன், 2004 ஜூன் 21 அன்று 100 கி.மீ. உயரத்தைத் தொட்டது. தனியார் பணத்தில் மனிதன் விண்வெளிக்குப் போனது அதுதான் முதல் முறை. அதே வருடம் அக்டோபர் 4 அன்று 1 கோடி டாலர் அன்சாரி எக்ஸ் பரிசையும் வென்றது. (செலவு பரிசைப்போல இரண்டு மடங்குக்கு மேல் என்பது வேறு விஷயம்!)

அந்த வெற்றி உண்மையானது. ஆனால் அதிலிருந்து எடுத்த பாடம்தான் தப்பு. சின்ன விமானம் சின்ன விண்கலத்தைக் கொண்டுபோனது. அப்படியென்றால் பெரிய விமானம் பெரிய ராக்கெட்டைக் கொண்டுபோகும்தானே? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் விண்வெளியைத் தொடுவது வேறு, பூமியைச் சுற்றுவது வேறு. ஸ்பேஸ்ஷிப்ஒன் 100 கி.மீ. மேலே போய், எறிந்த கல்லைப் போலக் கீழே வந்துவிட்டது. செயற்கைக்கோள் அப்படி விழுந்துவிடக் கூடாது. அதற்கு உயரம் மட்டும் போதாது, பக்கவாட்டில் வேகம் வேண்டும். சாதாரண வேகமல்ல, மணிக்கு சுமார் 28,000 கி.மீ.

பிளஸ் டூ பிசிக்ஸ் போதும்

பெரிய ஜெட் விமானம் போகும் வேகம் மணிக்கு சுமார் 900 கி.மீ. தேவைப்படுவது 28,000. அதாவது விமானம் கொடுக்கும் வேகம் நூற்றில் மூன்று பங்குதான். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும் என்பது பாடப் புத்தகத்தில் இருப்பதுதான். ஆற்றல் கணக்கில் பார்த்தால் ஆயிரத்தில் ஒரு பங்கு! உயரத்திலும் இதே கதை. விண்வெளி நிலையம் சுற்றுவது சுமார் 400 கி.மீ. உயரத்தில். விமானம் ஏற்றிவிடுவது 10 கி.மீ. மலைக்கோயிலுக்கு நூறு படி ஏற வேண்டியவரை மூன்று படி தூக்கிவிட்டு "இனி நீங்களே போய்க்கொள்ளுங்கள்" என்று சொல்வதைப் போல.

ஆதரவாளர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். அவர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் தரையில் இருப்பதில் கால் பங்குதான். காற்றின் எதிர்ப்பு குறையும். மெல்லிய காற்றுக்கு ஏற்றபடி இன்ஜினின் நாசிலைப் பெரிதாக வைக்கலாம். மழை மேகத்துக்கு மேலே போய்விடலாம். இவற்றையெல்லாம் சேர்த்தால் லாபம் மூன்று படியைவிடக் கூடத்தான் வரும்.

ஆனால் அந்த லாபத்துக்கும் விலை உண்டு. தரையில் நிற்கும் ராக்கெட் நெட்டுக்குத்தாக எடையைத் தாங்கினால் போதும். படுக்கவைத்துத் தொங்கவிட்டால் நடுவில் வளையாமல் இருக்க வேண்டும், அதற்கு உடலைக் கெட்டியாக்க வேண்டும். கெட்டியாக்கினால் எடை கூடும். கழற்றிவிட்ட பிறகு மூக்கை மேலே தூக்க இறக்கை வேண்டும், அல்லது கொஞ்சம் எரிபொருளை அதற்குச் செலவழிக்க வேண்டும். திரவ ஆக்சிஜன் என்றால் போகும் வழியெல்லாம் ஆவியாகிக்கொண்டே இருக்கும். எல்லாவற்றுக்கும் மேல், டன் கணக்கில் எரிபொருளைக் கட்டிக்கொண்டு அந்த விமானத்தில் மனிதர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். தரையில் உள்ள ஏவுதளத்தில் பெரிய ராக்கெட் வேண்டுமென்றால் மேடையைப் பெரிதாகக் கட்டினால் போதும். வானத்திலிருந்து விடுவதென்றால் விமானம் தூக்கும் எடைதான் எல்லை. கான்கிரீட் மேடைக்கு பைலட் சம்பளம் கிடையாது, இன்ஜின் சர்வீஸும் கிடையாது.

மாப்பிள்ளை கிடைக்காத கல்யாணம்

2011 டிசம்பரில் பால் ஆலன் ஸ்ட்ராட்டோலாஞ்ச் நிறுவனத்தை அறிவித்தார். விமானம் ருட்டான் தொடங்கிய ஸ்கேல்டு காம்போசிட்ஸ் கட்டுவது, ராக்கெட் ஸ்பேஸ்எக்ஸ் கொடுப்பது என்று ஏற்பாடு. ஒரு வருடத்திலேயே ஸ்பேஸ்எக்ஸ் விலகிவிட்டது. விமானத்துக்கு ஏற்றபடி ராக்கெட்டில் செய்ய வேண்டிய மாற்றங்கள் தங்கள் வழிக்கு ஒத்துவராது என்பது அவர்கள் நிலை. அடுத்து பெகாசஸ் செய்த ஆர்பிட்டல் நிறுவனம் பெகாசஸ்-2 என்று ஒரு பெரிய ராக்கெட்டைத் திட்டமிட்டது. அதுவும் நின்றது. 2016-ல் பழைய பெகாசஸையே மூன்று வரை தொங்கவிடலாம் என்றார்கள். 200 டன் தூக்கும் விமானத்தில் 70 டன்! 2018 ஆகஸ்ட்டில் சொந்தமாகவே ராக்கெட் வரிசை செய்வதாக அறிவிப்பு வந்தது. இரண்டு மாதத்தில், 2018 அக்டோபர் 15 அன்று, பால் ஆலன் இறந்துபோனார். 2019 ஜனவரியில் சொந்த ராக்கெட் திட்டம் கைவிடப்பட்டது.

இத்தனைக்கும் நடுவில் விமானம் மட்டும் வளர்ந்துகொண்டே இருந்தது. மண்டபம் புக் பண்ணி, பத்திரிகை அடித்து, பந்தலும் போட்டாகிவிட்டது. மாப்பிள்ளை மட்டும் கிடைக்கவில்லை. கன்னித்தீவு போலவே தினம் ஒரு "தொடரும்".

2019 ஏப்ரல் 13 அன்று விமானம் முதன்முறையாகப் பறந்தது. இரண்டரை மணி நேரம், 17,000 அடி உயரம். தரையிறங்கியபோது கட்டியவர்கள் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்கள்! ஆனால் கனவு கண்டவர் பார்க்க இல்லை. அந்த ஆண்டே நிறுவனம் கைமாறியது.

"விமானம் பெரிதாக இருந்ததால் செலவு அதிகம், அதுதான் காரணம்" என்று சொல்லலாமா? அதற்கும் ஒரு பரீட்சை நடந்தது. ரிச்சர்ட் பிரான்சனின் விர்ஜின் ஆர்பிட் நிறுவனம் புது விமானம் கட்டவில்லை. பயணிகள் விமானமாக ஓடிய ஒரு போயிங் 747-ஐ வாங்கி, இறக்கைக்கு அடியில் லாஞ்சர்ஒன் ராக்கெட்டை மாட்டியது. 2020 மே மாதம் முதல் முயற்சி தோல்வி. 2021 ஜனவரியில் வெற்றி. மொத்தம் 6 முறை போனதில் 4 முறை வெற்றி. 2023 ஜனவரி 9 அன்று இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து கிளம்பியபோது விமானம் தன் வேலையைச் சரியாகச் செய்தது. ராக்கெட்டில் எரிபொருள் வழியில் இருந்த ஒரு ஃபில்டர் இடம் பெயர்ந்ததால் 9 செயற்கைக்கோள்களும் போயின. ஏப்ரலில் நிறுவனம் திவால் மனு கொடுத்தது.

கிட்டத்தட்ட அதே அளவு சுமையை ஏற்றும் எலக்ட்ரான் ராக்கெட்டை ராக்கெட் லேப் நிறுவனம் நியூசிலாந்தின் கடற்கரையில் ஒரு சாதாரண மேடையிலிருந்து அனுப்புகிறது. 2017-ல் தொடங்கியது, 60 தடவையைத் தாண்டிவிட்டது. விமானம் இருந்தது ஒருவரிடம், வியாபாரம் நடந்தது இன்னொருவரிடம்.

காரணம் என்ன? விமானத்தால் திரும்பத் திரும்பப் பயன்படுத்த முடிந்தது அந்த மூன்று படிகளை மட்டும்தான். மீதி 97 படி ஏறும் விலை உயர்ந்த ராக்கெட் ஒவ்வொரு தடவையும் கடலில் விழுந்தது. ஸ்பேஸ்எக்ஸ் தலைகீழாக யோசித்தது. ராக்கெட்டின் கீழ்ப்பகுதியையே திருப்பிக் கொண்டுவர முடிந்தால்? 2015 டிசம்பரில் ஃபால்கன் 9-ன் முதல் கட்டம் நின்றபடியே தரையிறங்கியது. இன்று ஒரே முதல் கட்டம் 30 தடவைக்கு மேல் பறந்திருக்கிறது. சேமிக்க வேண்டிய இடத்தில் சேமித்தார்கள், அவ்வளவுதான்.

அப்படியென்றால் எதற்குத்தான் உபயோகம்?

ஒரு விஷயத்தில் விமானத்துக்குத் தனிப் பெருமை உண்டு. இடம். நினைத்த கடலுக்கு மேலே போய், நினைத்த திசையில் ராக்கெட்டை விடலாம். நாசாவின் நூஸ்டார் எக்ஸ்ரே தொலைநோக்கி பூமத்திய ரேகைக்கு அருகில் சுற்ற வேண்டியிருந்தது. 2012 ஜூனில் ஸ்டார்கேசர் விமானம் பசிபிக்கில் இருக்கும் குவாஜலீன் தீவுக்கே போய் அங்கிருந்து அதைக் கிளப்பியது. பெகாசஸின் அழகே அதுதான்.

திசை எவ்வளவு முக்கியம் என்பது தமிழ்நாட்டுக்காரர்களுக்குப் பக்கத்திலேயே தெரியும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குப் போகும் பிஎஸ்எல்வி நேராகத் தெற்கே போக முடியாது. இலங்கை குறுக்கே இருக்கிறது. அதனால் சுற்றி வளைத்துப் போகிறது, அந்த வளைவில் எரிபொருள் வீணாகிறது. சின்ன ராக்கெட்டுக்கு இந்த நஷ்டம் தாங்காது. இதற்காக இஸ்ரோ ராட்சத விமானம் கட்டவில்லை. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் இடம் தேடியது. அங்கிருந்து தெற்கே பார்த்தால் வெறும் கடல். 2024 பிப்ரவரி 28 அன்று எஸ்எஸ்எல்வி ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. சரியான கடற்கரை ஒன்று கிடைத்தால் விமானம் செய்யும் வேலையை அதுவே செய்துவிடும்.

இப்போது ராக் விமானத்தின் சோகம் முழுதாகப் புரியும். அந்த விமானம் கிளம்ப சுமார் 3.7 கி.மீ. நீள ஓடுபாதை வேண்டும். அகலமோ அதைவிடப் பெரிய பிரச்சினை. எத்தனை விமான நிலையங்களில் அது இறங்க முடியும்? எங்கிருந்து வேண்டுமானாலும் கிளம்பலாம் என்பதுதான் இந்த யோசனையின் ஒரே பலம். விமானத்தைப் பெரிதாக்கப் பெரிதாக்க அந்தப் பலமே போய்விட்டது.

அந்தப் பலத்துக்குக்கூட இப்போது போட்டி வந்துவிட்டது. பெகாசஸில் போகும்படி வடிவமைத்த ஐஎக்ஸ்பிஇ என்ற 330 கிலோ தொலைநோக்கியை நாசா 2021 டிசம்பரில் ஃபால்கன் 9-ல், அதுவும் ஏற்கெனவே பறந்து திரும்பிய ஃபால்கன் 9-ல், ஃபுளோரிடாவிலிருந்து அனுப்பியது. பெரிய ராக்கெட்டில் சக்தி மிச்சம் இருந்ததால் வழியிலேயே திசையை மாற்றி பூமத்திய ரேகைப் பாதைக்குக் கொண்டுபோய்விட்டது!

புது வேலை

கைமாறிய பிறகு ராக் விமானத்துக்கு வேறு வேலை கிடைத்தது. டாலன்-ஏ என்ற ஆளில்லா ராக்கெட் விமானத்தைச் சுமந்துபோய் விடுவது. அது ஒலியைப்போல ஐந்து மடங்குக்கு மேல் வேகத்தில் பறந்து சோதனைத் தகவல்களைச் சேகரிக்கும். 2024 டிசம்பரிலும் 2025 மார்ச்சிலும் அந்த வேகத்தைத் தாண்டிப் பறந்து, ஓடுபாதையில் தானாகவே இறங்கியது. எக்ஸ்-15-க்குப் பிறகு அமெரிக்காவில் இப்படித் திரும்பத் திரும்பப் பறக்கும் அதிவேகச் சோதனை இப்போதுதான் நடக்கிறது. பொறியியலாகப் பார்த்தால் பெரிய சாதனை.

டாலன்-ஏ-யின் எடை மூன்று டன்னுக்குள். நாற்பது யானை தூக்க வந்த பறவை இப்போது அரை யானையைத் தூக்குகிறது. இதற்கு 117 மீட்டர் இறக்கை தேவையே இல்லை. அந்த நிறுவனமே விர்ஜின் ஆர்பிட்டின் 747-ஐ 1.7 கோடி டாலருக்கு ஏலத்தில் வாங்கி இதே வேலைக்குத் தயார் செய்வது அதற்குச் சாட்சி.

இந்தச் சோதனைகளுக்குப் பணம் கொடுப்பது யார் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். முக்கிய வாடிக்கையாளர் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை. அதிவேக ஏவுகணை ஆராய்ச்சிக்கு இந்தத் தகவல்கள் வேண்டும். விண்வெளிக்குப் போவதை எல்லோருக்கும் எளிதாக்க வேண்டும் என்று தொடங்கிய விமானம் ஆயுத ஆராய்ச்சியில் வந்து நிற்கிறது. யாரும் சதி செய்யவில்லை. வேலை இல்லாமல் நிற்கும் பெரிய கருவிக்கு, யார் காசு கொடுக்கிறார்களோ அவர்கள் வேலைதான் கிடைக்கும். யானையைக் கட்டித் தீனி போட வேண்டுமே!

உயரத்திலிருந்து விட்டுப் பார்ப்பது சோதனைக்கு நல்ல வழி என்பதில் சந்தேகமே இல்லை. 2023 ஏப்ரல் 2 அன்று இஸ்ரோ தன் இறக்கை வைத்த ஆர்எல்வி கலத்தை விமானப்படையின் சினூக் ஹெலிகாப்டரில் 4.5 கி.மீ. உயரத்துக்குத் தூக்கிப்போய் விட்டது. கர்நாடகாவின் சித்ரதுர்காவில் அது தானாகவே ஓடுபாதையில் இறங்கியது. 2024-ல் இன்னும் இரண்டு முறை செய்து பார்த்தார்கள். கையில் இருந்த ஹெலிகாப்டர், தெளிவான கேள்வி, கிடைத்த விடை. யாரும் சாதனைப் புத்தகத்தில் எழுதவில்லை. வேலை நடந்தது.

ராக் விமானத்தின் படத்தைக் கம்ப்யூட்டரில் வால்பேப்பராக வைத்திருக்கும் பொறியியல் மாணவர்கள் நிறைய. வைத்துக்கொள்ளட்டும், தப்பில்லை. அவ்வளவு நீள இறக்கையை ஒடியாமல் பறக்கவிட்டவர்கள் கைதட்டலுக்கு உரியவர்கள்தான். ஆனால் அந்தப் படத்துக்குப் பின்னால் ஒரு பாடமும் இருக்கிறது. "இதைக் கட்ட முடியுமா?" என்ற கேள்விக்கு அவர்கள் பிரமாதமாக விடை எழுதினார்கள். அதற்கு முந்திய கேள்வியான "இது எதைத் தூக்கப் போகிறது?" என்பதை சாய்ஸில் விட்டுவிட்டார்கள். அது கட்டாயக் கேள்வி என்று தெரியும்போது விமானம் கட்டி முடிந்திருந்தது.

கதையில் வரும் பறவைக்குக்கூடத் தான் தூக்குவது யானை என்று தெரியும்.